நெடி, தூசி, புகை

தம்பி, இதைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிறீங்களா? பயப்படாதீங்க, துப்பாக்கி இல்ல. நீளமா இருக்கு, பேப்பர் சுத்தியிருக்குன்னதும் பஸ்ஸ்டாண்டுல ஒரு போலீஸ்காரரு ஒரு மாதிரியாத்தான் பாத்தாரு. துப்பாக்கி வச்சிருக்கிற மூஞ்சியா இது? எனக்குக் கை ரெண்டும் இந்தக் கேனுக்கே சரியாப் போச்சு. மூடியை அமுக்கிப் புடிச்சுக்கிட்டே வரணும். விட்டா ராக்கெட்டு கிளம்பிரும். நான் ஒட்டன்சத்திரத்துல இறங்கும்போது வாங்கிக்கிறேன். நீங்க எது வரைக்கும்? பழனியா? அப்பச் சரி. எனக்கு முந்தி நீங்க இறங்க முடியாது. மாட்டுனீங்க.

அந்த ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்துங்க. தூசி வருது. எனக்கு ஒண்ணும் இல்ல, பழக்கமாப் போச்சு. ஜன்னலைக் கண்டாலே கை தானாப் போயிச் சாத்துது.

பேரு சின்னக்காளை. சிரிங்க, சிரிங்க. காளைன்னு பேரு வச்சுட்டு எங்கப்பன் தீனி போட மறந்துட்டாரு. வத்தலக்குண்டு எலுமிச்சை மண்டியில மூட்டை தூக்குறேன். படிப்பா? ரெண்டாப்புல வாத்தியார் ஒரு கேள்வி கேட்டாரு. நான் திருப்பி ஒரு கேள்வி கேட்டேன். அதோட ரெண்டு பேருக்கும் போதும்னு ஆயிருச்சு.

இந்தா, கண்டக்டர் வர்றாரு. நீங்க பேசாம இருங்க, நான் பாத்துக்கிறேன்.

"என்னய்யா கேன்ல? கள்ளு வாடை அடிக்குது?"

"வீடு தொடைக்கிற தண்ணிண்ணே."

"தொடைக்கிற தண்ணி எதுக்குய்யா புஸ்ஸு புஸ்ஸுங்குது?"

"எலுமிச்சைத் தோலும் வெல்லமும் போட்டு ஊற வச்சதுண்ணே. உள்ள இருந்து மூச்சு விடுது."

"குடிச்சா ஏறுமா?"

"குடிச்சுத்தான் பாருங்களேன். குடல் பளபளன்னு ஆயிரும். உள்ள சோறு விழுந்தா மூஞ்சி பாக்கும்."

பாத்தீங்களா, லக்கேஜ் டிக்கெட் கிழிச்சுட்டுப் போயிட்டாரு. எனக்கு ஒரு டிக்கெட், கேனுக்கு ஒரு டிக்கெட். புருசன் பொண்டாட்டி மாதிரி வர்றோம்.

பொண்டாட்டியைப் பாக்கத்தான் தம்பி போறேன். பவுனுத்தாயி. மக வீட்டுல இருக்கா, ஒட்டன்சத்திரத்துல. கோவிச்சுக்கிட்டுப் போகல. கோவிச்சுக்கிட்டுப் போனாத்தான் பரவாயில்லையே, ரெண்டு முழம் பூ வாங்கிட்டுப் போனா வந்துருவா. இது வேற. அவளுக்கு மூச்சு முட்டுது தம்பி.

எங்க ஊர்ல ஒரு கல்யாண மண்டபத்துல கழுவி விடுற வேலை பாத்தா. ஆளு இப்படி இருப்பா, வாளி தூக்குனா தண்ணி தளும்பாது. ஒரு முகூர்த்தத்துக்கு மொத நாளு, பொண்ணு வீட்டுக்காரக வந்து இறங்கிட்டாக, கக்கூஸு இன்னும் கழுவல. சூப்பர்வைசர் வெரட்டுறான், வெரசா வெரசான்னு. இவ பிளீச்சிங் பவுடரைக் கொட்டித் தேய்ச்சிருக்கா. கறை போகல. போகலன்னதும் அது மேலயே ஆசிட்டையும் ஊத்திட்டா. ஒண்ணுல போகாதது ரெண்டுல போகும்னு நெனைச்சிருக்கா. எல்லாரும் அப்படித்தானே தம்பி நெனைப்போம்? விருந்தாளிக நடமாடுற இடம்னு கதவை வேற சாத்திக்கிட்டா. உள்ள இருந்து குபுகுபுன்னு ஒரு ஆவி. மேளக்காரர் ஒருத்தரு கை கழுவப் போனவருதான் கதவைத் தள்ளியிருக்காரு. பாதி தொறந்துச்சாம், மீதி இவ தலை தடுத்துச்சாம்.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடுனப்ப மூக்குல கொழாயி மாட்டி உள்ள கொண்டு போயிட்டாக. நர்ஸம்மா வந்து, "நீங்க யாரு?" "புருசங்க." "இதைப் புடிங்க." அவ செருப்பு. ரெண்டு செருப்பு. ஒண்ணுல வாரு அந்துபோயி ஊக்கு குத்தியிருந்தா. அதைப் புடிச்சுக்கிட்டு நின்னேன் தம்பி. நின்னுக்கிட்டே இருந்தேன். லோடு லோடா மூட்டை தூக்குறவன், அந்தச் செருப்பைத் தூக்கிக்கிட்டு நிக்க முடியல. அப்ப முடிவு பண்ணேன், இனிமே இவளுக்கு ஒண்ணுன்னா நான் சும்மா நிக்கக் கூடாதுன்னு.

இருங்க, மூடியை லேசாத் திருப்பி விட்டுக்கிறேன். புஸ்ஸ்ஸ். கேட்டீங்களா? அப்பப்ப தொறந்து விடணும். அடைச்சே வச்சா வெடிச்சிரும். போன தடவை வெடிச்சு எங்க வீட்டு ஓட்டுல ஒரு ஓட்டை. உள்ள இருக்கிறதுக்கு மூச்சுப் போக வழி வேணும்ல, அதுவும் உசிரு மாதிரித்தான்.

என்ன சொன்னேன்? ஆங், டாக்டரு. அனுப்பும்போது டாக்டரு சொன்னாரு. "அம்மாவுக்கு இனிமே நெடி ஆகாது, தூசி ஆகாது, புகை ஆகாது." மூணு. நான் படிக்காதவன், ஆனா மூணு வரைக்கும் எண்ணத் தெரியும்.

நெடி. வீட்டுக்குப் போன கையோட பினாயிலு, சோப்புத்தூளு, பாத்திரம் தேய்க்கிற பச்சைக் கட்டி, கொசுவத்திச் சுருளு, அவ பூசுற பவுடரு வரைக்கும் அள்ளி குப்பை வண்டியில போட்டேன். அவ கட்டில்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா. "என்னையும் தூக்கி அந்த வண்டியில போட்ரு. நானும் இத்தனை வருசம் பினாயில்ல ஊறுனவதான்"ன்னா. மூச்சு இழுத்துக்கிட்டே சொல்றா தம்பி! அந்த வாயி! அதுக்குத்தான் கட்டுனேன் அவளை.

தூசி. எங்க வீடு ரோட்டு மேல. லாரி போனா சோத்துல மண்ணு. ஜன்னலைச் சாத்தி, இடுக்குல எல்லாம் பழந்துணியைத் திணிச்சேன். கதவுக்குக் கீழ சாக்கு. ஒரு எறும்பு உள்ள வரணும்னா எங்கிட்ட கேட்டுட்டுத்தான் வரணும்.

புகை. பீடியை நிறுத்திட்டேன். மீசை மொளைக்கிறதுக்கு முந்திப் புடிச்ச பீடி தம்பி. கட்டோட பைப்படியில நனைச்சுப் போட்டேன். கனவுல எல்லாம் பீடி வந்துச்சு, ஒரு நாள் ஊதுவத்தியைப் பாத்து ஏங்குனேன். ஆனா தொடல. பவுனு மேல சத்தியமாத் தொடல. இதைச் சொல்றப்ப எனக்கே என்னைப் பாத்தா மரியாதை வருது.

சரி, எல்லாத்தையும் தூக்கிப் போட்டாச்சு, வீட்டை எதை வச்சுக் கழுவுறது? மண்டிக்கு எதுத்தாப்புல டீக்கடை. அந்தப் பையன் போன்ல ஒரு அம்மா வீடியோ காட்டுனான். மூக்குத்தி போட்ட அம்மா, நல்லா நிறுத்தி நிதானமாச் சொல்லுது. பூந்திக்கொட்டையை ஒடைச்சு ஊறப் போட்டு, மண்சட்டியில, வெறகு அடுப்புல, சிறு தீயில காய்ச்சுனா துணிக்கும் பாத்திரத்துக்கும் நொரை வரும். எலுமிச்சைத் தோலை ஊற வச்சா தரை தொடைக்கலாம். தேங்கா மட்டையை எரிச்ச சாம்பல்ல பாத்திரம் தேய்ச்சா வெள்ளி மாதிரி. கெமிக்கல் கெடையாது, எல்லாம் இயற்கைன்னுச்சு. எனக்கு அந்தம்மா கால்ல விழணும் போல இருந்துச்சு. போன்ல எங்க விழ?

மண்டியில அழுகுன எலுமிச்சை கேட்டா ஓசியில அள்ளிக்கன்னுருவாக. பூந்திக்கொட்டை நாட்டு மருந்துக் கடையில. மட்டை தோப்புல கெடக்கு. அடுப்பு? கேஸ் அடுப்பு இருக்கு, ஆனா மூணு மணி நேரம் கொட்டை காய்ச்சுனா சிலிண்டரு என்னத்துக்கு ஆகும்? அந்தம்மாவும் வெறகு அடுப்புன்னுதானே சொன்னாக. வெளிய வச்சாத் தூசி சட்டியில விழுகும். அதனால உள்ளயே, கட்டிலுக்கு இங்கிட்டு, மண்ணுல ஒரு அடுப்பு போட்டேன். நானே குழைச்சுப் போட்டது. அழகா இருக்கும். சந்தனம் குங்குமம்கூட வச்சேன்.

வீட்டைப் பாக்கணும் நீங்க. தரையில மூஞ்சி தெரியும். பாத்திரம் பளபளன்னு. கொசுவுக்குச் சுருளுக்குப் பதிலா வேப்பெலையைப் போட்டு மூட்டம். கெமிக்கல்னு ஒரு சொட்டு கெடையாது. எங்க தெருவுலயே சுத்தமான வீடு எதுன்னா சின்னக்காளை வீடு.

ஆனா அவளுக்குக் கொறையல தம்பி.

கூடுச்சு. அதான் எனக்கு விளங்கல. மொதல்ல குடம் தூக்குனாத்தான் மூச்சு வாங்கும். அப்புறம் உக்காந்திருந்தாலே வாங்குச்சு. இருமல் வந்தா நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு ரெண்டா மடங்கிருவா. நான் என்ன நெனைச்சேன், பழைய பினாயிலு எங்கயோ செவுத்துல ஊறிக் கெடக்குன்னு நெனைச்சேன். இன்னும் ரெண்டு சட்டி கூடக் காய்ச்சுனேன். செவுத்தை எல்லாம் பூந்திக்கொட்டைத் தண்ணி போட்டுக் கழுவுனேன். சுண்ணாம்பு பேந்து வந்துருச்சு. அவளுக்குக் கூடக் கூட நானும் இன்னும் கூடக் காய்ச்சுறேன். வேலைக்குப் போகாமக்கூடக் காய்ச்சுனேன்.

ஆஸ்பத்திரியில ஒரு மிஷின் குடுத்து விட்டாக. பாத்திருக்கீங்களா, மூணு உருண்டை இருக்கும், கொழாயை வாயில வச்சு இழுத்தா உருண்டை மேல ஏறும். நுரையீரலுக்குப் பயிற்சி. அவ இழுப்பா, ஒரு உருண்டை லேசா ஆடும், மறுபடி உக்காந்துக்கும். "இங்க குடு, எப்படின்னு காமிக்கிறேன்"னு நான் ஒரு இழுப்பு இழுத்தேன். மூணும் போயி மேல ஒட்டிக்கிச்சு. எனக்குப் பெருமை தாங்கல. திரும்பிப் பாத்தா அவ மூஞ்சி சுருங்கிப் போச்சு. "நீ நல்லா இருய்யா"ன்னு திரும்பிப் படுத்துக்கிட்டா. மறுநாளு இருட்டுல தெரியாம அது மேலயே உக்காந்துட்டேன். உருண்டை மட்டும் மிச்சம். தெருப் பிள்ளைக கோலி வெளையாடுதுக அதை வச்சு.

இருட்டான்னு கேக்குறீங்களா? பகல்தான் தம்பி. ஜன்னல் சாத்தியிருக்குல்ல.

அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை. இப்ப உங்க மடியில இருக்குல்ல, அது. பிரிச்சுப் பாக்கலாம், பரவாயில்ல. ஊதாங்குழல். அடுப்பு ஊதுறது. பித்தளை, எங்காத்தா சீரு கொண்டு வந்தது. மிஷின்லயும் கொழாய்தானே? வாயில வச்சு மூச்சுப் பயிற்சிதானே? இதுலயும் அதானே? ஊதுனா அடுப்பும் எரியும், தண்ணியும் காயும், நுரையீரலும் பலமாகும். ஒரு வேலையில மூணு வேலை. டாக்டருக்கே தோணாது இது. காலையில அரை மணி, சாயங்காலம் அரை மணி, பவுனை அடுப்பு முன்னாடி மணைப் பலகை போட்டு உக்கார வச்சு ஊதச் சொன்னேன்.

ஊதுனா தம்பி. நான் சொன்னா கேப்பா. கண்ணுல தண்ணி ஊத்துது, ஊதுறா. "நல்லா இழுத்து ஊது பவுனு, உருண்டை மேல ஏறுதுன்னு நெனைச்சுக்க"ன்னு பக்கத்துல உக்காந்து முதுகைத் தடவி விடுவேன். அவ ஊதுவா, இழுப்பா, ஊதுவா. சில சமயம் என்னைப் பாத்து சிரிப்பா. என்னா சிரிப்பு அது, எனக்குத் தெரியல.

ஒரு நாளு மட்டை ஈரம். புடிக்க மாட்டேங்குது. "இன்னும் ஒரு ஊது, இன்னும் ஒரு ஊது"ங்கிறேன். குழலு அவ கையில இருந்து நழுவி உருண்டுச்சு. அவ எந்திரிக்கல. நாலு கால்ல போற மாதிரி கதவுக்குப் போனா. சாக்கு அடைச்சிருக்கு, இழுக்க முடியல. நான்தான் ஓடிப் போயித் தொறந்தேன். வாசப்படியில விழுந்து வாயைத் தொறக்குறா, தொறக்குறா, உள்ள ஒண்ணும் போகல. ஒதடு நாவப்பழம் தின்ன மாதிரி இருந்துச்சு. எல்லாம் கதவைத் தொறந்ததுல ரோட்டுத் தூசி அடிச்சுருச்சு தம்பி. அப்படித்தான் ஆகும்னு தெரியும் எனக்கு. ஆனா தொறக்காமலும் இருக்க முடியாதே.

பக்கத்து வீட்டு ஜமீலா அக்கா ஓடியாந்து, ஒரு குடம் தண்ணியை அப்படியே என் அடுப்புல ஊத்திட்டாக. சட்டி வெடிச்சுருச்சு. "கொலைகாரப் பாவி, அவளைக் கொன்னுட்டுத்தான் அடங்குவியா"ன்னு என்னைப் பாத்துக் கத்துறாக. தெருவே நிக்குது. என்னை! பீடியை விட்ட என்னை! எதுக்குச் சொன்னாகன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. அந்தக்கா வீட்டுல இப்பவும் ரோஸ் கலரு பினாயிலுதான்.

ஆஸ்பத்திரியில இருந்து மக நாகஜோதி நேரா அவளை ஒட்டன்சத்திரத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. எங்கிட்ட பேசவே இல்ல. ஆட்டோவுல ஏறும்போது மட்டும், "அப்பா, மொதல்ல அந்த அடுப்பை இடி"ன்னா. அடுப்பு மேல அவளுக்கு என்ன கோவமோ. அம்மாவுக்காகப் போட்ட அடுப்பு அது.

அங்க போயி, கேளுங்க, அவ நல்லா இருக்கா. மாடி வீடு, ஏறி இறங்குறாளாம். பேத்தியைத் தூக்கிட்டுக் கடைக்குப் போறாளாம். மருமகன் சொல்றாரு, "அத்தை சீரியல் பாத்து சத்தமாச் சிரிக்கிறாக மாமா"ன்னு. அந்த வீட்டுல எதை வச்சுத் தொடைக்கிறாக தெரியுமா? கடையில வாங்குன பச்சைக் கலர்த் தண்ணி! ஒரே கெமிக்கலு! நாலு ஜன்னலும் தொறந்தே கெடக்கு! எனக்குச் சந்தோசம் வரணும்ல? வருது. ஆனா கூடவே ஒரு கேள்வியும் வருது. நான் இவ்வளவு செஞ்சும் எங்கிட்ட வராத மூச்சு, அங்க ஒண்ணும் செய்யாம ஓசியில வருதுன்னா, அப்ப நான் எதுக்கு?

போன்ல கேட்டேன். "எப்ப வர்ற?"

"நான் இங்கயே இருந்துக்கிறேன்யா. நீ வேளாவேளைக்கு சாப்பிடு."

"உனக்காக வீட்டைக் கண்ணாடி மாதிரி வச்சிருக்கேன் பவுனு."

"தெரியும்யா." அப்புறம், "அடுப்பை இடிச்சுட்டுக் கூப்பிடு. அன்னைக்கே வர்றேன்."

மக சொல்லிக் குடுத்திருக்கா, வேற என்ன? அடுப்பை இடிச்சா இவளுக்குத் தண்ணி எதுல காய்ச்சுறது? கூறு கெட்டவ. நான் இடிக்கல. ஜமீலா அக்கா தண்ணி ஊத்திக் கரைச்சதை மறுபடி பூசி வச்சிருக்கேன்.

அப்புறம் நேத்து. நேத்து பேசிக்கிட்டு இருக்கும்போது இருமுனா. லேசா, ஒரு தடவைதான். "சாப்பிடும்போது பொரை ஏறிருச்சு"ங்கிறா. எனக்குத் தெரியாதா? அந்தப் பச்சைத் தண்ணி வேலையைக் காட்ட ஆரம்பிச்சுருச்சு. தூக்கமே இல்ல. அந்த நர்ஸம்மா மறுபடி செருப்பைக் கையில குடுக்குற மாதிரியே இருக்கு. இன்னொரு தடவை அந்தச் செருப்பைப் புடிச்சுக்கிட்டு நிக்க முடியாது தம்பி என்னால. முடியாது.

அதான் கிளம்பிட்டேன். அவ வரலைன்னா என்ன, நான் போறேன். கேன்ல தரைக்கு. இந்தப் பையில பூந்திக்கொட்டை. மேல லக்கேஜு தட்டுல சாக்கு இருக்குல்ல, அது மட்டை. மக வீட்டு ஹால்ல மூலையில மூணு செங்கல்லு வச்சாப் போதும். ஜன்னல் அடைக்கத் துணி கொண்டு வந்திருக்கேன்.

என்ன தம்பி? புகையா? எந்தப் புகை? பீடிதான் விட்டுட்டேன்னு சொன்னேனே. அடுப்புப் புகையா? அது எப்படித் தம்பி கணக்குல வரும்? அது சோறாக்குற புகை. வேப்பெலைப் புகை மருந்துப் புகை. டாக்டரு சொன்னது கெட்ட புகை. நீங்க படிச்சவரு, ஆனா நானும் வீடியோ பாத்தவன்.

இல்ல. அப்படி இல்ல. நீங்க சொல்றபடி பாத்தா, நான்தான்... இல்ல தம்பி. அது எப்படி? நான் பக்கத்துலயே உக்காந்து முதுகைத் தடவிக்கிட்டு இருந்தேன்னு சொல்றேன்ல. எனக்கு ஒண்ணும் ஆகலையே. அவ ஊதும்போது நான் அங்கயேதான் இருந்தேன். விடுங்க. வேற பேசுவோம். பழனிக்கு என்ன சோலியா? சாமியா, கல்யாணமா?

குழலையே திருப்பித் திருப்பிப் பாக்குறீங்க. சரி.

இந்தா, ஒட்டன்சத்திரம் வந்துருச்சு. வழி விடுங்கம்மா, கேன் வருது, கேனு! அண்ணே, அந்த மட்டைச் சாக்கைக் கீழ தள்ளி விட்ருங்க. தம்பி, நான் இறங்கி ஜன்னல் பக்கம் வர்றேன். குழலை மட்டும் நீட்டுங்க.

தம்பி, இங்கிட்டு. இங்க நிக்கிறேன் பாருங்க. ஜன்னலைத் தொறங்க. கண்ணாடியை அங்கிட்டுத் தள்ளுங்க. கேக்குதா? தள்ளுங்க தம்பி. என்ன, என்னையே பாத்துக்கிட்டு இருக்கீங்க? மடியில இருக்கு பாருங்க, அது. எதுக்கு அதை நெஞ்சோட அணைச்சுப் புடிக்கிறீங்க?

வெளையாடாதீங்க தம்பி. விசில் அடிக்கிறாரு. கேனை வச்சுட்டு ஏற முடியாது, மூடி பிச்சுக்கிட்டுப் போயிரும். கண்டக்டர் அண்ணே! நிறுத்துங்கண்ணே! தம்பி, தொறங்க! ஏன் தலையை ஆட்டுறீங்க? குடுங்க தம்பி! உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன், குடுங்க!

ஏய், வண்டியை நிறுத்துங்கய்யா! அது இல்லாம அவ எப்படிய்யா மூச்சு விடுவா!